இடது சீட்டில் ஓர் ஆள்

மனைவி மாயம்மாளின் காரியங்கள் முடிந்த பிறகு, இசக்கிமுத்துவின் பிக்கப் வண்டியில் ஆயில் பிரஷர் விழாமல் நிற்க வேண்டுமானால் இடது சீட்டில் உயிருள்ள ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இதை இன்று யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. கடல் ஏறும் நாட்களில் சரக்குக் கிட்டங்கி வாசலில் தண்ணீர் நிற்பதைச் சொல்கிற அதே குரலில்தான் சொல்கிறார்கள்.

வண்டி பழையது, பல கை மாறி வந்தது. வண்டியோடு வந்த ஆயில் மீட்டர் செத்துப்போக, எவனோ ஒரு புண்ணியவான் வேறொரு மீட்டரை வாங்கி, ஓட்டுகிறவன் கண்ணில் படாதபடி இடது சீட்டுக்காரரின் முழங்காலுக்கு நேரே மாட்டியிருந்தான். அதனால் வண்டி வாங்கிய நாள் முதல் மாயம்மாளும் கூடவே போனாள். சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலுவாவுக்குப் போகும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இசக்கிமுத்து, “முள்ளு?” என்பார். அவள், “நிக்கு” என்பாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இதைவிடப் பெரிய பேச்சு வண்டிக்குள் நடந்ததில்லை. நடக்காதது ஒரு குறையாகவும் இருந்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் மடித்து வைத்த துண்டு சீட்டில் அப்படியே கிடந்தது. இனி அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று இசக்கிமுத்து முடிவு செய்தார்.

வண்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தனியாகக் கிளம்பிய முதல் நாளே தோப்பும்படி ஜங்ஷன் வருவதற்குள் எஞ்சின் கடகடவென்று அடித்தது. குனிந்து பார்த்தால் முள் பூஜ்யத்தில் கிடந்தது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் விக்கியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். விக்கி இடது சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பச் சொன்னான். முள் நடுவில் போய் நின்றது. ஒன்றுமில்லை என்று அனுப்பினான். முக்குத் திரும்புவதற்குள் மறுபடி பூஜ்யம். விக்கி லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆயில் அளவு பார்த்தான், சரியாக இருந்தது. ஃபில்டர் மாற்றினான், சென்சார் மாற்றினான், கெட்டியான ஆயில் ஊற்றினான். மீட்டரையே சந்தேகப்பட்டு இன்னொன்றை நேராக எஞ்சினில் திருகிப் பார்த்தான், அதுவும் அதையே சொன்னது. கடைசியில் அடிச்சட்டியைக் கழற்றி ஆயில் பம்பை வெளியே எடுத்தபோது, அதன் பற்கள் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன.

“அண்ணாச்சி, இது ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துப்போன பம்பு. இத வெச்சு நீங்க இத்தன நாள் ஓட்டிருக்க முடியாது,” என்றான்.

ஓட்டியிருந்தார். புதுப் பம்பு போட்டும் நிலைமை மாறவில்லை. சீட்டில் ஆள் இருந்தால் நின்றது, இல்லாவிட்டால் விழுந்தது. இசக்கிமுத்து அங்கே ஒரு சுக்கு மூட்டையை வைத்துப் பார்த்தார். தன் பார்வைக்குத் தெரியும்படி ஒரு கண்ணாடியைச் சாய்த்துக் கட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மாயம்மாளின் படத்தை எடுத்து வந்து துண்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கிளப்பினார். முள் அசையக்கூட இல்லை. அவளைச் சுடுகாட்டில் விட்டு வந்த அன்றைக்கு அழாத மனுஷன், அன்று ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாங்கள் உட்காருகிறோம் என்று முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் விடவில்லை. அவள் இடத்தில் இன்னொருவர் உட்காருவதைவிட வண்டி உடைந்து போகட்டும் என்று, ஆலுவாவில் பழைய இரும்புக் கடைக்குப் பேசிவிட்டார்.

ஆனால் ஆலுவா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் மகள் கற்பகம் லீவு போட்டுவிட்டு வந்தாள். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாலம் ஏறும்போது இசக்கிமுத்துவுக்குப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

“முள்ளு?”

“நிக்கு,” என்றாள் கற்பகம்.

எஞ்சின் சீராக ஓடியது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே காயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்காமலே சொல்லுதியே?”

“அம்மையும் பாக்காமத்தான் சொன்னா. அம்மைக்குக் கண்ணுல புரை அப்பா, ரெண்டு வருஷமா அந்த முள்ளே தெரியாது. உங்ககிட்டச் சொன்னா வீட்டுல இருக்கச் சொல்லிருவீங்கன்னு பயம். சொல்லாதன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. பின்ன நான் என்ன செய்ய?”

இசக்கிமுத்து வண்டியைப் பாலத்து ஓரத்தில் நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். பல்லில்லாத அந்தப் பம்பை அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு வருஷம், ஏற்றிய பாரத்தோடு, மழையிலும் வெயிலிலும், அவள் சொன்ன சொல்லில் வண்டி ஓடியிருக்கிறது. வண்டியைக் கிளப்பி, “முள்ளு?” என்று மறுபடியும் கேட்டார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நிக்கு அப்பா,” என்றாள். இரும்புக் கடைக்காரர் அன்று சாயங்காலம் வரை காத்திருந்து கடையைச் சாத்தினார்.

அதன் பிறகு அந்தச் சீட் காலியாக ஓடியதில்லை. சுமட்டுக்காரர்கள் வருகிறார்கள், ஆலுவாவில் ரயிலைப் பிடிக்கிறவர்கள் வருகிறார்கள், யூதர் தெருவான ஜூ டவுனில் வழி தவறிய வெள்ளைக்காரர்கூட ஒருவர் வந்திருக்கிறார். இசக்கிமுத்து துண்டை எடுத்து அவர்கள் மடியில் கொடுக்கிறார். சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுக்கிறார், மீட்டரைப் பார்க்கச் சொல்வதில்லை. அதன் கண்ணாடி எப்போதோ புகை படிந்து மங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று விக்கியும் சொன்னதில்லை. அவர் கேட்கும்போது, நிற்கிறது என்கிறார்கள். நிற்கிறது.