மாற்றுச் சாவி

...இல்லை என்று சொல்லிவிட்டால்தான் என்ன, சாவியே கிடையாது, எங்களாலும் படிக்க முடியாது என்று, செயலியின் முதல் பக்கத்தில் நாலு வருடமாக அப்படித்தானே போட்டிருக்கிறது, ஷாமளாவே எழுதிய வரி. ஆனால் சாவி இருக்கிறது. அவளுடைய மடிக்கணினியில், பெர்மாஸ் ஜெயா கடைவீட்டு மாடியில் இருக்கும் இந்த ஆபீசின் முதலாளி கிரகோரிக்கே தெரியாமல். இரண்டு மணிக்கு அரசாங்க அதிகாரிகள் கடிதத்தோடு வருகிறார்கள், இப்போது ஒன்று நாற்பது. யார் வைக்கச் சொன்னது? புருஷன் அடிக்குத் தப்பி வந்த பெண்கள் ஆலோசகரிடம் ரகசியமாகப் பேசத்தான் இந்தச் செயலி, ஆனால் சாஆ ஊரில் ஒளிந்திருந்து இதைப் பயன்படுத்தும் கஸ்தூரி அக்கா மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் போனில் அழுவாள், மறந்தால் எல்லாமே போச்சு, கோர்ட்டுக்கு வைத்திருந்த காயங்களின் படம் உட்பட... அந்த அழுகை பொறுக்காமல் செய்த மாற்றுச் சாவி இது. இளகிய மனசு, வேறென்ன, இப்போது கழுத்துக்குக் கத்தியாக நிற்கிறது.

காலையில் கிரகோரி எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், "ஒரு ஆளோட மெசேஜ்தான் கேக்குறாங்க லா, ஷாமளா. ஏதோ மோசடி கேஸாம். இருந்தா குடுத்துடுவோம், நமக்கு ஏன் வம்பு?" ஒரு ஆளாம். கதவுக்கு ஒன்றாகவா சாவி செய்தாள், நானூறு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான், அக்கா ஒளிந்திருக்கும் வீட்டு முகவரியும் அதற்குள்தான், அக்காவின் புருஷனுக்கும் அரசாங்க வேலை, எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று யார் கண்டது. சாவியை அழித்துவிடலாம். ஒரு தட்டு. அழித்தால் ஜெயில்கூட இருக்கலாம், அம்மாவிடம் என்ன சொல்வது... கொடுத்தால்? அடுத்தவர் அந்தரங்கத்தில் கை வைக்க இவர்கள் யார், காரணம் நல்லதாக இருந்தால் போதுமா, நல்லதுக்குத்தான் என்று யார்தான் சொல்லவில்லை? கோபம் பொங்கியது, நியாயமான கோபம்தான், அந்த வேகத்திலேயே விரலைக் கொண்டுபோனாள், விரல் நின்றுவிட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம், அக்கா மூன்று நாள் போன் எடுக்காதபோது, உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தான், சத்தியமாக அதற்குத்தான், இதே சாவியால் அக்காவின் கணக்கைத் திறந்தாள். ஆலோசகருக்கு அக்கா அன்று காலை எழுதிய கடிதம் இருந்தது, புதிதாகப் பழகும் ஒருவரைப் பற்றி, கூச்சத்தோடு, நீளமாக. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஷாமளா மீதியையும் படித்தாள்.