சொல்லின் மறுமுனை

அவளுக்குக் குதிகால் இரண்டும் நெருப்பாய் எரிந்தன. துணி மடித்த வருஷமெல்லாம் தோள்தான் வலித்தது. போன மாதம் சூப்பர்வைசர் ஆனதும் வலி காலுக்கு இறங்கிவிட்டது. நின்று வேடிக்கை பார்ப்பதும் ஒரு வேலைதான் போல.

அந்தச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இருவர் இருவராய் நின்று மடிப்பார்கள். இயந்திர இரைச்சலுக்குள் அவளும் அவள் அண்ணியும் சேர்ந்து ஒரு பாஷையைக் கட்டியிருந்தார்கள். அண்ணி தன் முனையிலிருந்து சொல்லின் தலையைச் சொல்வாள். முனைகள் சேரும்போது இவள் வாலை ஒட்டுவாள். ‘டுபு’ என்றால் சூப்பர்வைசர். ‘டுபுலி’ என்றால் வருகிறார். ‘டுபுலோ’ என்றால் தொலைந்தார். எந்தத் தலைக்கும் அதே வால்கள்தான். ஈரத்துணிக்கும், டீக்கும், வயிற்றுவலிக்கும். அதனாலேயே கூடத்தில் அவளுக்கு ‘வாலு’ என்று பேர்.

இன்று அவள் உள்ளே நுழைந்ததும் அண்ணி, “டுபு” என்றாள். எதிரே விரிப்பைப் பிடித்திருந்த புதுப்பெண், “சக்” என்று முடித்தாள். கூடமே சிரித்தது.

டுபு யாரென்று அவளுக்குத் தெரியும். அந்தச் ‘சக்’தான் தெரியவில்லை.

“என்ன அண்ணி, வாலை மாத்திட்டீங்களா?”

“எல்லா வாலையும் மாத்தியாச்சு, சூப்பர்வைசரம்மா. பழசு வெளிய தெரிஞ்சுபோச்சுல்ல.”

“யாருக்குத் தெரிஞ்சுபோச்சு?”

“உங்களுக்குத்தான்.”

அந்த ‘உங்களுக்கு’ சுருக்கென்று தைத்தது. போன மாதம்வரை ‘ஏய் வாலு’தான்.

“உங்க தோள்வலிக்கு வேலை மாத்தித் தரலன்னு கோவமா? உங்களை லேசான வேலையா தலையணை உறை மேஜைக்கு மாத்தினா, சொந்தக்காரிக்குச் சலுகைன்னு நாலு பேர் பேசுவாங்க அண்ணி.”

அண்ணியின் வாயிலிருந்து மரியாதை கழன்று விழுந்தது. “பேசட்டுமே. நீ வயித்த அறுத்துட்டு வந்து நின்னப்ப உன் ஈரத்துணியெல்லாம் நான்தான் இழுத்தேன். அப்பவும் பேசினாங்க. எனக்கென்ன, காதா கேக்கல?”

அவள் புதுப்பெண்ணை விலக்கிவிட்டு முனையைப் பிடித்தாள். அண்ணிக்கு வலது கை மேலே எழவில்லை. இடது கையாலேயே இழுத்தாள். விரிப்பு கோணலாய்ச் சேர்ந்தது. முனைகள் தொட்டன. அண்ணி வாயைத் திறக்கவில்லை.

“ஒரு தலையாவது சொல்லுங்க அண்ணி.”

“தலை கெடக்கட்டும். மொதல்ல தோளுக்கு ஒரு வழி சொல்லு.”

“யோசிக்கிறேன்” என்றாள். அண்ணி அடுத்த விரிப்பை எடுத்துப் புதுப்பெண்ணிடம் ஒரு முனையை நீட்டினாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்காக அண்ணி ஈரத்துணி இழுத்தது இரண்டு மாதம். அதில் ஒரு நாளைக்கூட அவள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.