சுவரில் எழுதியவர் பெயர்

கணவன் பில்சு போய்ச் சேர்ந்த இரண்டாவது வருடம் மால்சுன் ஊர்க் கல்லூரியில் சுற்றுலாப் படிப்பில் சேர்ந்தாள். வீட்டின் அமைதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் அந்தத் தொல்லை கிடையாது. பிள்ளைகள் முதல் வாரமே அவளுக்குப் 'பெரியக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் யாருக்கோ அக்காவாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் பருவத்தின் கடைசி வேலை ஒரு குழுக் கட்டுரை. துறைமுகத்தை ஒட்டி, சிப்பி போட்ட நூடுல்ஸ் விற்கும் கடைகள் நிறைந்த சிப்பி நூடுல்ஸ் சந்தின் வரலாறு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். குழுவில் மூன்று பேர்: மால்சுன், எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிக்கும் சோல், எதையும் கடைசி நேரத்தில் தொடங்கும் தேஹ்வா. பேராசிரியர் நம்கூங் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நகல் பிடிக்கும் மென்பொருளில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் காட்டினால் குழுவுக்கே பூஜ்யம்.

மறுநாள் மாலை கொடுத்தாக வேண்டும். கல்லூரி வாசல் காபிக்கடையில் உட்கார்ந்து தேஹ்வாவின் பகுதியைச் சோல் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள்.

"அறுபத்தெட்டு" என்றாள். "இது கட்டுரை இல்லடா, ஜெராக்ஸ்."

"அலறாத. நாலு வார்த்தைய மாத்துனா இறங்கிடும். எல்லாரும் பண்றதுதான்."

"உன் பேர முதல் பக்கத்துலேருந்து தூக்கிடுவேன், பாத்துக்க. போன கட்டுரையில ரெண்டு பேருக்குப் பண்ணியிருக்கேன்."

தேஹ்வா பயந்துபோய் வேகமாகத் தட்டினான். கொஞ்ச நேரத்தில் பெருமையாகப் படித்துக் காட்டினான். "'கடற்கலத் தலைமை அலுவலர் உணவுக் கலத்தினுள் கண்வழியே திரவம் வெளியேற்றினார்.' எப்படி?"

மால்சுனுக்குக் காபி மூக்கில் ஏறியது. "டேய், அந்தாளு கண்ணுல என்ன குழாயா போட்டு வச்சிருந்தான்?"

"கேப்டன் அழுதார்னு இருந்துச்சு, பெரியக்கா. அத மாத்தினேன்."

"எங்க, மாத்தாதத காட்டு."

தேஹ்வா மடிக்கணினியைத் திருப்பினான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். புயலில் கப்பலை இழந்த கேப்டன் ஒருவர் நனைந்த கோழி மாதிரி அந்தச் சந்துக்குள் வந்தாராம். ஒரு கடைக்காரம்மா சிப்பியைப் போட்டு நூடுல்ஸ் கொதிக்கவைத்துக் கொடுத்தாளாம். சந்து அப்படித்தான் பிறந்ததாம். மால்சுன் கதையைப் பலர் வாய்வழி கேட்டிருந்தாளே தவிர எழுத்தில் படித்ததில்லை. கடைசி வரிக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. 'கேப்டன் கிண்ணத்துக்குள் அழுதார். ஆகவே உப்புக்கு வேலையில்லாமல் போயிற்று.'

கல்யாணமான புதிதில் அவள் சூப்புக்கு உப்புப் போட மறந்த நாளெல்லாம் பில்சு கிண்ணத்தின் மேல் குனிந்து பொய்யாக விசும்புவான். 'கேப்டன் அழறான், உப்புக்கு வேலையில்ல' என்பான். எந்தக் கேப்டன் என்று அவள் கேட்டதே இல்லை. அவன் உளறலுக்கெல்லாம் விளக்கம் கேட்டால் சூப்பு ஆறிப்போகும்.

"இந்த வரி எங்கேருந்து எடுத்த?"

"எல்லா இடத்துலயும் இருக்கு. பதினோரு ஆதாரம் போட்டிருக்கேன், சார் கேட்டது அஞ்சுதான்" என்றான் தேஹ்வா.

"பதினொண்ணும் ஒரே வரிதானே? இது எங்க வீட்டுக்காரர் வரி."

சோல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் சுலபமாக நம்புகிறவள் இல்லை. "பெரியக்கா, அவரே எங்கயாச்சும் படிச்சிட்டு வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். சோல் ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வலைப்பதிவுகள் சியோல் பத்திரிகை ஒன்றைக் காட்டின. பத்திரிகை சுற்றுலாக் கையேட்டைக் காட்டியது. கையேட்டின் அடிக்குறிப்பில் 'பழைய கடை ஒன்றின் சுவரிலிருந்து' என்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"அப்ப பதினொண்ணு இல்ல. ஒண்ணுதான்" என்றாள் சோல். "ஒரு சுவரு."

பில்சு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். மால்சுன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சந்தின் மிகப் பழைய கடை, மால்சுனை முன்பே தெரிந்த புன்னேயுடையது. மூவரும் போனபோது அவள் மாவைத் தேய்த்து மடித்துக் கத்தியால் சரசரவென்று நறுக்கிக்கொண்டிருந்தாள். கேள்வியை முடிக்கவிடவில்லை.

"அந்தச் சுவரா? சமையல்கட்ட பெருசாக்கையில இடிச்சோமே. எழுதினது உங்க வீட்டுக்காரருதான், வேற யாரு! என் மாமனாரு பலகாரப் பேர எழுதச் சொன்னாரு. எங்க கடையில இருந்ததே மூணு பலகாரம். பாதிச் சுவரு காலியா நின்னுச்சு. 'ஐயா, உங்க கடைக்கு வரலாறு ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டாரு. 'வேற எங்கயும் இடம் கெடைக்கல, அதான் வரலாறு'ன்னாரு மாமனாரு. உங்காளு அப்படியே ஏணியில நின்னபடி எழுதித் தள்ளிட்டாரு."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?" என்று சோல் கேட்டாள்.

"யாரும்மா கேட்டா? எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நின்னு கேட்ட மொத ஆளுங்க நீங்கதான். உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க."

நூடுல்ஸ் வந்தது, தொட்டுக்கொள்ள முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் வந்தது. மால்சுன் சாப்பிடும் குச்சியைத் தொடவில்லை. உண்மையை எழுதினால் கட்டுரையில் பாதி போய்விடும், அதுகூடப் பெரிதில்லை. பில்சு விட்டுப்போனவற்றில் ஊரெல்லாம் இன்னும் புழங்குவது இந்தக் கதை ஒன்றுதான். பலகைகளெல்லாம் எப்போதோ மாறிவிட்டன. பொய் சொன்ன ஆள் என்று அவனை அவளே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

தேஹ்வா அவள் முகத்தைப் பார்த்தான். "பெரியக்கா, விட்டுடலாம். நமக்கு ஒண்ணும் தெரியாது, நாம இங்க வரவே இல்ல. நான் ராத்திரி உக்காந்து வார்த்தைய மாத்திடறேன்."

"திரவம் வெளியேத்துவியாக்கும்" என்றாள் சோல். பிறகு மால்சுனிடம் திரும்பினாள். "அவரு ஒண்ணும் திருடலியே. காலிச் சுவத்துல சொந்தமா ஒரு கதை எழுதினாரு. மத்த பதினோரு பேருதான் அதத் தூக்கிக்கிட்டு பேரச் சொல்லாம போயிட்டாங்க. இவனோட சேத்துப் பன்னெண்டு."

"நான் இன்னும் அனுப்பலியே!" என்றான் தேஹ்வா.

மால்சுனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். இத்தனை வருடமாக ஊர் அவனிடம் காப்பியடித்திருக்கிறது, அந்த ஆளும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தே இருந்திருப்பான். சந்தில் நடந்து போகும்போதெல்லாம் உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்திருப்பான்!

"எழுதலாம்" என்றாள். "அந்த வரியில ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க. மேற்கோள் குறி போட்டு, கீழ அவரு பேரப் போடுங்க."

எழுதுகிறவளே சாட்சியாகவும் இருக்க முடியாது என்று சோல் சட்டம் பேசினாள். அதனால் மால்சுனைச் சாட்சியாக்கி, அங்கேயே கைபேசியை மேசைமேல் வைத்துக் கேள்வி கேட்டுப் பதிவு செய்தாள்.

"ஆசிரியருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

"பொண்டாட்டி."

"நீங்க நடுநிலையான சாட்சியா?"

"இல்லவே இல்ல. குறட்டை விடுவாரு."

"இந்த வரிய முதல்ல எப்பக் கேட்டீங்க?"

"எனக்குச் சமைக்கத் தெரியாத காலத்துல."

"அதுக்கு எப்படி வருஷம் போடறது!" என்று தேஹ்வா முனகினான். அடுப்படியிலிருந்து புன்னே, சுவர் எழுதியது தன் மூத்த மகன் பிறந்த வருடம் என்று கத்தினாள். மால்சுன் குடித்தனம் வந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் அது. சுவருக்கு முன்பே வரி வீட்டில் இருந்திருக்கிறது. சோல் திருப்தியாகத் தலையாட்டினாள். மால்சுன் குச்சியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் மாலைக்குள் கட்டுரை வேறாகிவிட்டது. சந்தின் வரலாற்றை விட்டுவிட்டு, சந்தின் கதை எந்தக் கை வழியாக எந்தக் கைக்குப் போனது என்று எழுதினார்கள். தேஹ்வா வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே யோசித்து இரண்டு பக்கம் எழுதினான். மென்பொருள் ஒன்பது காட்டியது.

அடுத்த வாரம் வகுப்பில் படித்துக் காட்டியபோது பேராசிரியர் நம்கூங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் போன வருடம் ஒரு கூட்டத்தில் கேப்டன் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். அந்த வருத்தம் குரலில் கொஞ்சம் இருந்தது.

"இந்த மூல ஆதாரத்தை நேரில் சோதித்தது யாரு?"

மால்சுன் கையைத் தூக்கினாள். "நாந்தாங்க. முப்பது வருஷம் கூடவே இருந்து சோதிச்சேன்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியருக்கும் அடக்க முடியவில்லை. "நம்பகமானவர்தானா?"

"கதையில இல்லீங்க" என்றாள் மால்சுன். "மத்ததுல எல்லாம் ஆமா."