சவர்க்கார விளம்பரத்தில் வளர்ந்த சுதாஜினி

தர்மபுரத்தில் ராஜரத்தினத்தின் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரத்துக்கு எடுத்த விளம்பரத்தில் நடந்த கடதாசிப் பெண், 1997 தை மாதத்திலிருந்து மாதம் ஒரு நெல்மணி நீளம் வளர்ந்தாள். தாயும் தகப்பனும் தையற்காரரின் நாடாவால் அளந்தார்கள், ஆகவே கணக்கில் பிழையில்லை.

தகப்பன் யோகநாதன் யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தவர். 1995 இல் இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்தபோது கமராவை அரிசி மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினார். அடுத்த ஆடியில் ஆமி முன்னேறக் கிளிநொச்சியும் வெறிச்சோடியது. அன்று காலை ரியூசனுக்குப் போன பதினைந்து வயது மகள் சுதாஜினி திரும்பவில்லை. தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்த பெற்றோரிடம் அவளுடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கன்று சேலையோடு நிற்கும் முழுப்படம். சவர்க்காரம் கிடைக்காத அந்தக் காலத்திலும் ராஜரத்தினத்தின் சரக்கைச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனது. வீடியோக் கொட்டிலில் படம் தொடங்குமுன் போட ஒரு விளம்பரம் செய்து தரும்படி அவர் யோகநாதனைக் கேட்டார். எல்லா ஊர்ச் சனமும் வருகிற கொட்டில் அது, யாராவது மகளைக் கண்டிருப்பார்கள் என்று யோகநாதனுக்குத் தோன்றியது. அவளுடைய படத்தையே விளம்பரத்தில் நடக்கவிட நினைத்தார். அவருடைய மனைவி கமலாட்சி கத்தரிக்கோலை ஒளித்து வைத்தாள்.

"இருக்கிறது இந்த ஒரு படம். இதையும் வெட்டப் போறியளோ?"

"முழுசா இருந்தால் சும்மா நிக்கிற படம். மூட்டிலை வெட்டினால் நடப்பாள். நடந்தால் சனம் பாக்கும்."

பின்னேரம் கமலாட்சியே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். யோகநாதன் படத்தைத் தோள், முழங்கை, முழங்கால் என்று வெட்டி நூலால் முடிந்தார். கண்ணாடித் தட்டில் கரியால் ஒழுங்கைப் பாதை ஒன்றைக் கீறி, களிமண் எருமை ஒன்றை வைத்து, நுரைக்கு இலவம்பஞ்சு பரப்பி, நடுவில் நிசமான சவர்க்காரக் கட்டியை வைத்தார். கமராவைக் கூரை வளையில் குப்புறக் கட்டினார். கடதாசிக் காலை ஒரு மயிரிழை நகர்த்துவது, பொத்தானை அழுத்தி விடுவது, திரும்ப நகர்த்துவது. அரைச் செக்கனுக்குக் குறைவாக அந்தக் கமரா பிடிக்காது. அதனால் மகள் காலில் முள் ஏறியவள்போல விந்தி விந்தி நடந்தாள். மின்சாரம் இல்லாத ஊரில் பற்றரிக்குக் கமலாட்சி சைக்கிள் டைனமோவை மிதித்தாள்.

விளம்பரம் ஓடியது. சனம் சவர்க்காரத்தை மறந்து பெண்ணைப் பார்த்தது. கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எருமையின் முதுகளவு நின்றவள் சித்திரையில் அதன் கொம்பைத் தாண்டினாள், முகமும் நீண்டது. "வளருறாள் எண்டால் எங்கையோ சாப்பிடுறாள்" என்றாள் கமலாட்சி. அன்றிரவு இருவரும் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சேலை கணுக்காலுக்கு மேலே ஏறியதும் அவள் வண்ணக் கடதாசியில் பாவாடை வெட்டி ஒட்டினாள். யோகநாதன் விளம்பரத்தைத் திரும்ப எடுத்தார். காணாமற்போனோரைப் பதிகிற இடத்துக்குத் துண்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோனபோது, விண்ணப்பத்தில் பதினைந்து வயது, படத்தில் பதினேழு, சரியான படம் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதிலும் அவர்களுக்கு ஒரு சந்தோசம்.

1999 ஐப்பசியில் அளவு கூடவில்லை. நாடா இழுபட்டிருக்கும் என்று வேறு நாடா இரவல் வாங்கினார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் அதே அளவு.

"மாரி ஈரத்துக்குக் கடதாசி சுருங்கியிருக்கும்" என்றார் யோகநாதன்.

"சுருங்கேல்லை. நிண்டிட்டாள்" என்றாள் கமலாட்சி. அவள் அழவில்லை. அவர் அழுதார்.

ராஜரத்தினம் விளம்பரத்தை நிறுத்தவில்லை, பார்க்க வந்த சனமும் குறையவில்லை. தையில் பாவாடை நிறம் மங்கிவிட்டதென்று புதிது வேண்டியிருந்தது. வளருகிற பிள்ளைக்கு மடிப்பைப் பிறகு அவிழ்த்துவிடலாம் என்று எந்தத் தாயும் செய்வதுபோல், கடதாசிப் பாவாடைக்கும் கமலாட்சி இதுவரை கீழ்க்கரையில் இரண்டு விரல் மடித்துத்தான் ஒட்டிவந்தாள். இந்தமுறை மடிப்பு விடாமல் அளவாக வெட்டினாள்.