சுவரோரம்

மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டியபோது என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படி நிற்க வைக்கிற விளையாட்டு ஆசிரியர் அவர். தெருவுக்கே விசில் சார். முன்பு காலில் எடுத்த புற்றுநோய்க் கட்டி இப்போது இரண்டு நுரையீரலிலும் வந்திருந்தது. நடு நெஞ்சு எலும்பை அறுத்தால் இரண்டு பக்கமும் ஒரே தடவையில் எடுக்கலாமாம். ஆனால் இடது பக்கத்துக் கட்டி இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, முன்னாலிருந்து கை எட்டாது. அதனால் விலா வழியாக முதலில் வலது, தேறிய பிறகு இடது என்றார். ஒரே மூச்சில் முடியாதா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் சுவரோரம் என் இடம். அவர் வலப்பக்கம் ஒருக்களித்து என் முகத்தைப் பார்த்தபடிதான் தூங்குவார். முதுகைக் காட்டினால் அன்றைக்குச் சண்டை என்று அர்த்தம். வலது விலாவில் தையலோடு வந்தவரால் இடப்பக்கம்தான் படுக்க முடிந்தது. சண்டையே போடாமல் எத்தனை நாள் முதுகைப் பார்ப்பது? தலையணையைத் தூக்கிக்கொண்டு சுவரில்லாத அந்தப் பக்கம் போனேன். பழக்கதோஷத்தில் சுவரில் சாயப்போய்த் தரையில் விழுந்தேன். அவர் சிரித்துத் தையல் வலித்ததற்கு என்னையே திட்டினார்.

வலி அவரைப் பாடாய்ப் படுத்தியது. இருமல் வரும்போதெல்லாம் தன் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். அப்படித்தான் இருமச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது அறுவைக்கான தேதி நெருங்கியபோது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பக்கம் போதும்மா. இன்னொரு தடவை என்னால முடியாது."

இந்த மனுஷன் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? அழுதால் அவரும் அழுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"அந்தப் பக்கமும் தச்சுக்கிட்டு வந்தாத்தான் நான் திரும்பச் சுவரோரம் போவேன். அதுவரைக்கும் கீழ விழுந்துட்டே இருக்கேன்."



மறுநாள் மாலை நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது கூடத்தில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கருவிக்குள் பந்து பாதிவரை ஏறி நடுங்கியது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறைக்குள் போனேன். கட்டிலில் ஒரே ஒரு தலையணை, என்னுடையது, சுவரோரம். கீழே மருத்துவமனைப் பை. அதற்குள் திணித்திருந்த அவருடைய தலையணை, ஜிப்பை மூட விடாமல் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.