பதினேழாம் இடத்து மரங்கள்

சைமியின் செயற்கைக்கோள் படம் பதினேழாம் இடத்தில் வெட்டவெளி என்றது. உடன் வேலை பார்க்கும் உர்போவோ அங்கே நேரில் நின்று, அண்ணாந்து அளந்து, வானத்தை எண்பது சதவீதம் மரக்கிளைகள் மறைக்கின்றன என்று எழுதியிருந்தான். மற்ற முப்பத்தொன்பது இடங்களிலும் இருவர் கணக்கும் அச்சாகப் பொருந்தின.

வெள்ளிக்கிழமைக்குள் இதற்கு விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய இரண்டு வருடக் காட்டு வரைபடம் கிடப்புக்குப் போகும். மேக நிழலோ, தன் சூத்திரமோ என்று மூன்று நாள் குடைந்தாள். ஒரு பிழை என்றால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்புவது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். உர்போவைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

வியாழனன்று அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். யோயென்சூ நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அவன் எழுதியிருந்த புள்ளியில் வெறும் அடிக்கட்டைகள்.

"மரமெல்லாம் எங்க, உர்போ?"

"வெட்டிட்டாங்க போல."

"அடிக்கட்டையில பாசி படிஞ்சிருக்கு. வெட்டி அஞ்சு வருஷமாச்சு. நீ அளந்தது போன மாசம்."

உர்போ கொசு அடிப்பதில் மும்முரமானான். காது மட்டும் சிவந்தது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சொல்லித் தொலை!"

"நிஜமா அளந்தது அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்க ருசியான கந்தரெல்லிக் காளான் கொட்டிக் கிடக்கு. சரியான இடத்தை எழுதினா ஆபீஸே கூடையோட வந்துடும். அதான் முந்நூறு மீட்டர் தள்ளி எழுதினேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது, சைமி."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "மூணு நாளா என்னையே திட்டிட்டிருந்தேன்டா, பாவி!" கத்தி முடிப்பதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

மேட்டைத் தாண்டினார்கள். ஊசியிலை மரங்களின் அடியில் மஞ்சள் மஞ்சளாகக் காளான்கள். அவள் குனியவில்லை, கிளைமறைப்பை அளக்கும், கண்ணாடி பதித்த குழாயை உயர்த்தி, அடிக்கு அடி நின்று அளந்தாள். எண்பத்தொன்று. மடிக்கணினியில் அதே இடத்தைப் படம் எழுபத்தொன்பது என்றது. அவள் சூத்திரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெட்டவெளிக்குத் திரும்பி, அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து அறிக்கையைத் திறந்தாள். காரணம் என்ற கட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் பெயரை எழுதினாள்: 'உர்போ இடத்தைக் குறித்ததில் பிழை.'

அவன் எட்டிப் பார்த்தான். "பிழைன்னு போடாதே, மானம் போயிடும்."

"அப்ப காளான்னு போடவா?"

உர்போ சற்று யோசித்தான்.

"பிழைன்னே போடு."