கடல வரையணும்

பி.எட். சேர மாட்டேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னப்ப, எங்கம்மா ராசாத்தி ஒரே ஒரு வழி விட்டாங்க. "அரியலூர்க்காரர் கேட்ட படத்தை அவர் கடையில மாட்டிட்டார்னா நீ வரைஞ்சுக்கிட்டே கெட. இல்லேன்னா மரியாதையா காலேஜுக்குக் கெளம்பு, வெற்றிச்செல்வி."

அந்த அரியலூர்க்காரர் பேரு கொளஞ்சியப்பன். போன்லதான் சொன்னாரு: "புதுக்கடை தொறக்குறேன் பாப்பா. பெருசா ஒரு படம் வேணும். கடல வரையணும். பாத்தாலே ஒடம்புல தெம்பு ஏறணும்." எனக்குத் தலைகால் புரியல. அரியலூர்ல கடலுக்கு என்ன வேலைன்னு ஒரு நொடி தோணுச்சுதான். ஆனா அங்க சுண்ணாம்புச் சுரங்கத்துல தோண்டுனா சிப்பியும் சங்கும் கல்லா வருதே, அந்தப் பெருமை போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

நான் கடலைப் பாத்தது ஒரே தடவை, பூம்புகார்ல. வாட்டர்கலர்ல அலை வரையிறது லேசுப்பட்ட காரியமா? நுரைக்கு வெள்ளை அடிக்கக் கூடாது, அந்த எடத்துல தாளையே வெள்ளையா விட்டுடணும். ஈரம் காயுறதுக்குள்ள நீலத்தை ஓட விட்டுட்டுக் கையை எடுத்துடணும். எங்க குரும்பலூர் வெயிலுக்கு அது நெனைக்கிறதுக்குள்ள காஞ்சு போகுது. எத்தனை தாளைக் கிழிச்சேன்! எல்லாம் ஏரித் தண்ணி மாதிரி படுத்தே கெடந்துச்சு. கடைசியில அம்மாகிட்ட சண்டை போட்டுட்டு வந்து, அந்தக் கோவத்தோட பிரஷ்ஷை ஒரே இழுப்பு இழுத்தேன். அலை எந்திரிச்சு நின்னுடுச்சு. ஐயோ, எனக்கே பயமா இருந்துச்சு.

கண்ணாடி இல்லாம சட்டம் மட்டும் போட்டு, நானும் அம்மாவுமா தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறினோம். கடைக்குள்ள நுழைஞ்சா ஒரே எண்ணெய் வாசனை. கொளஞ்சியப்பன் படத்தைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு.

"கடல எங்க பாப்பா?"

"இதாங்க கடல்."

"கடல் யாரு கேட்டா? நான் கேட்டது கடல!"

"கடலைத்தாங்க வரைஞ்சிருக்கேன்!"

அவர் மூட்டையில கையை விட்டு ஒரு பிடி நிலக்கடலையை அள்ளி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. வெளிய போர்டை எட்டிப் பாத்தேன். மரச்செக்குக் கடலை எண்ணெய். எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல.

மனுஷன் நல்லவர்தான். "சரி விடு, நாளைக்குத் தொறப்பு. இந்தா, இங்க வெள்ளையா சும்மாதானே கெடக்கு? இதுல நாலு கடலை போட்டுக் குடு, மாட்டிடறேன்" னு நுரை மேலயே விரலை வெச்சாரு.

நுரையில கடலையா! எனக்கு வந்துச்சே கோவம். "முடியாதுங்க" ன்னுட்டேன்.

அம்மா என் கையைப் புடிச்சாங்க. "நாலே நாலு கடலைதானடி. போட்டுட்டா மாட்டிடுவாரு. அப்புறம் நீ காலேஜும் போக வேணாம், ஒண்ணும் போக வேணாம்." குரல் கெஞ்சுச்சு. இவங்க என் பக்கமா, அவர் பக்கமா? எனக்கு ஒண்ணுமே வெளங்கல. இத்தனை வருஷமா என் கையிலேருந்து பிரஷ்ஷைப் புடுங்கி வீசுன அம்மா, இன்னைக்கு எனக்குத் தெரியாமப் பையில எடுத்து வெச்சிருந்த பிரஷ்ஷை எடுத்து நீட்டுறாங்க.

"வரைடி, தாயி" ன்னாங்க.

நான் கையை இறுக்கி மூடிக்கிட்டேன்.